ஐந்தரை கிலோ கிளட்ச்

நவம்பர் 4, திங்கள்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. இது வண்டிக்கு மூன்றாவது நோட்டு. விதி பழையதுதான்: வண்டியைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். வீட்டுக் கதை, ஆஸ்பத்திரிக் கதை, ஊர்க் கதை எதுவும் கிடையாது.

வண்டி 650 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர். காடு மலை பார்க்காமல் போவதற்கென்றே வெளிநாட்டில் செய்த உயரமான வண்டி. 2010 ஜனவரியில் பதிவானது. பத்து வருடத்துக்கு முன்னால் எங்கள் எஸ்டேட்டை விட்டுப் போன உதவி மேனேஜரிடம் வாங்கினேன். என் கணவர் தனிஸ்லாஸ் அதற்கு எருமை என்று பெயர் வைத்தார். பெயரில் தப்பில்லை. மழையில் நிற்கும், சேற்றில் இறங்கும், பின்னால் யார் ஹார்ன் அடித்தாலும் அசையாது. பெயர் வைத்தவர் இந்தப் பத்து வருடத்தில் ஒருநாள்கூட அதில் ஏறி உட்கார்ந்ததில்லை.

பதினைந்து வருடப் பதிவு ஜனவரி 20 அன்று முடிகிறது. அதற்குள் வண்டியைப் பொள்ளாச்சிக்கு இறக்கி ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால் இன்னும் ஐந்து வருடம் ஓடலாம். வால்பாறையிலிருந்து கீழே நாற்பது கொண்டை ஊசி வளைவு. நானே ஓட்டிக்கொண்டு போய் நானே காட்டுவேன். இதை இப்போதே எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது.

ஒரே குறை கிளட்ச். போன மாதம் வரை சொன்ன பேச்சைக் கேட்ட லீவர் இப்போது கல்லாகிவிட்டது. கேபிள் போயிருக்கும்.

நவம்பர் 6, புதன்

கேபிள் மாற்றினேன். இந்த வண்டிக்கு அசல் கேபிள் தேடி அலைவது வீண். லோடு ஆட்டோ கேபிளை வாங்கி, அளவுக்கு வெட்டி, முனையில் ஈயம் உருக்கி ஊற்றிக் குண்டு பிடித்தால் போதும். பல தடவை செய்திருக்கிறேன். இருபது நிமிட வேலைக்கு இன்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஸ்பேனர் மூன்று தடவை கை நழுவிக் கீழே விழுந்தது. ஸ்பேனர் முழுக்க கிரீஸ்.

புதுக் கேபிளிலும் லீவர் கடினமாகத்தான் இருக்கிறது. ஆட்டோ கேபிளின் தரம் குறைந்துவிட்டது.

இரவு இரண்டு தடவை விழிப்பு வந்தது. பூனை கத்தியிருக்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, "சிஸ்டர், அம்பத்தி மூணு வயசாச்சு. இனிமேலாவது ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கலாமே" என்றாள். இருபத்தெட்டு வருடமாக எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேரைப் பிறந்த அன்றே கையில் ஏந்தியிருக்கிறேன், அந்த டீச்சரையும் சேர்த்து. "ஒனக்குக் கல்யாணமானப்ப, வேற மாப்பிள்ளை பாக்கலாமேன்னு நான் சொன்னேனா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு டீச்சருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

மதியம் கழுகு போன் செய்தான். கோயம்புத்தூரில் பழைய வண்டிகளை வாங்கிப் புதுசாக்கி வீடியோ போடுகிறவன். மூன்று மாதமாக வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். போனில் கழுகு என்றுதான் பதிந்திருக்கிறேன். "ஆன்ட்டி, ஆர்.சி. முடிஞ்சிட்டா ஒண்ணும் தேறாது. இப்பவே குடுத்திருங்க." அந்த ஆன்ட்டிக்காகவே கொடுக்க மாட்டேன்.

விதியை மீறி ஒன்று: முன்பெல்லாம் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க ஒரு யுத்தம் செய்ய வேண்டும். கொஞ்ச நாளாக மூடி தளர்வாகவே வருகிறது. கம்பெனிக்காரன் திருந்திவிட்டான்.

நவம்பர் 13, புதன்

வண்டி ஓடவில்லை, மழை.

தேயிலைக் கொழுந்து எடுக்கிற மாரித்தாய் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வலது கை மரத்துப் போகிறதாம், கத்தரி பிடிக்க முடியவில்லையாம், இரவில் எழுந்து கையை உதறுகிறாளாம். இலை வெட்டுகிறவர்களில் வருடத்துக்குப் பத்துப் பேராவது இப்படி வருகிறார்கள். இதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கி, ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நரம்பு நெருக்குண்டால் விரல் மரத்துவிடும். எப்படி நிற்க வேண்டும் என்று நானே நின்று காட்டினேன். இருவரும் எதிரெதிரே மடக்கிக்கொண்டு நின்றோம். அவளுக்கு நாற்பதாவது வினாடியில் மரத்தது. நான் இருபதிலேயே கையை எடுத்துவிட்டேன். டாக்டர் கூப்பிட்டது போல இருந்தது.

"பயந்து சாகாத. மணிக்கட்டுக்குள்ள ஒரு பட்டை நரம்ப நெரிக்குது. அத வெட்டி விட்டா சரியாப் போச்சு. கால் மணி நேரம்."

"கைய வெட்டணும்னு சொல்லிட்டு கால் மணி நேரங்கிறீங்க."

"கைய இல்ல, பட்டைய."

"எல்லாம் என் கைக்குள்ளதான சிஸ்டர் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள். இந்த ஜனங்களுக்குச் சொன்னால் ஏறாது. முற்றவிட்டு, பிறகு வந்து அழுவார்கள்.

நவம்பர் 16, சனி

வழி கண்டுபிடித்துவிட்டேன். கிளட்ச் கேபிள் எஞ்சின் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கையை இழுக்கிறது. அந்தக் கை நீளமானால் லீவர் இலேசாகும். தேயிலைத் தொழிற்சாலை வெல்டரிடம் கொடுத்து ஓர் அங்குலம் ஒட்டு வைத்தேன். பூ மாதிரி ஆகிவிட்டது. தனிஸ்லாஸ் அதே தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். பக்கத்தில் நின்று பார்த்தவர், "இவ்வளவு நீளம் தேவையா ரெஜி?" என்று மட்டும் கேட்டார். வயர் பிடிக்கிறவருக்குக் கிளட்ச் என்ன தெரியும்?

நவம்பர் 17, ஞாயிறு

நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது. பழகிவிடும்.

நவம்பர் 19, செவ்வாய்

விழுந்தேன்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில், முதல் கியரில், கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து பஸ் வெளியே வருகிறது. எருமை நிற்கவில்லை, மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தது. கை நீளமானதால் லீவர் இலேசானது உண்மை, ஆனால் உள்ளே தட்டுகள் முழுக்க விலகவில்லை. பிரேக்கை அழுத்தினேன். எஞ்சின் ஒரு வெட்டு வெட்டி நின்றது. இடது கால் வைத்த இடத்தில் ஜல்லி. இருநூறு கிலோவோடு சாய்ந்துவிட்டேன். வண்டிக்கு இடது பக்கக் கண்ணாடி போனது, எனக்கு முட்டி தேய்ந்தது.

மூன்று பேர் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். அதில் ஒருவர், "அம்மா, இந்த வயசுல இந்த வண்டி தேவையா?" என்றார்.

"தேவைன்னா பஸ்ல போயிருப்பேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் காலை நீட்டினேன். தனிஸ்லாஸ் முட்டிக்கு மருந்து போட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

நவம்பர் 20, புதன்

பேனா சரியில்லை. எழுத்து இழுக்கிறது.

நவம்பர் 23, சனி

கபூர் பாய் பட்டறை. வால்பாறையில் இந்த வண்டியைத் தொட நான் அனுமதிக்கிற ஒரே ஆள். ஒட்டு வைத்த கையைக் கழற்றி என் முன்னால் தட்டில் வைத்தார்.

"இது யாரு பண்ணின வேலை சிஸ்டர்?"

"நான்தான்."

"உங்களுக்குத் தெரியாதா, இது நீண்டா கிளட்ச் முழுசா விடாதுன்னு? நீங்கதான எனக்கே ஒருநாள் சொன்னீங்க." உண்மைதான். ஆறு வருடத்துக்கு முன் அவருக்குப் படம் போட்டு விளக்கியது நான்தான்.

ஒட்டை அறுத்துக் கையைப் பழைய அளவிலேயே மாட்டிவிட்டு லீவரை இரண்டே விரலால் இழுத்துப் பார்த்தார். "கல்லுன்னு சொன்னீங்க, எண்ணெயில வழுக்கிட்டுப் போகுது. மேல் முனையில யாரோ நல்லா எண்ணெய் விட்டிருக்காங்க."

நான் விட்டதாக ஞாபகம் இல்லை. நான்தான் விட்டிருப்பேன். பாய்க்குக் கை பலம் அதிகம், அவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே லீவரை அளந்து, ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்: 5.8.

நவம்பர் 26, செவ்வாய்

கொழுந்து எடை போடும் ஷெட்டுக்கு வண்டியை ஓட்டிப் போனேன். மத்தியான எடை நேரம். நாற்பது பெண்கள் கொழுந்து மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். தொங்கும் தராசைக் கழற்றிக் கொடுங்கள், இரண்டு நிமிடம் போதும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். கொக்கியை லீவர் நுனியில் மாட்டி, தராசைப் பிடித்து லீவர் முழுக்க மடங்கும்வரை இழுக்க வேண்டும். முள் காட்டுவதுதான் கிளட்சின் எடை. சூப்பர்வைசரையே இழுக்கச் சொன்னேன். என் கையில் கிரீஸ்.

"அஞ்சரை" என்றார்.

"திரும்ப இழுங்க."

மறுபடியும் ஐந்தரை. சுவரில் எழுதியதைவிட முந்நூறு கிராம் குறைவு.

"தராசு தப்பு" என்றேன்.

வரிசையில் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு நாற்பது பேரும் சிரித்தார்கள். இந்தத் தராசு கொழுந்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று அவர்கள் எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். "சிஸ்டரே சொல்லிட்டாங்க, எழுதிக்கங்க" என்று ஒருத்தி சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் தராசைப் பிடுங்காத குறையாக வாங்கி மாட்டிவிட்டார்.

மாரித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து, நல்ல கையான இடது கையால் லீவரைப் பிடித்து இழுத்தாள். சுலபமாக வந்தது. விட்டாள். திரும்ப இழுத்தாள்.

"இதுல என்ன சிஸ்டர் கஷ்டம்?" என்றாள். அவள் குரலில் கேலி இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நவம்பர் 27, புதன்

இன்று வண்டி ஓடவில்லை. வண்டியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. நான் இடதுகைக்காரி. எழுதுவது, ஊசி போடுவது, ஸ்பேனர் பிடிப்பது எல்லாம் இடது. நான்காவது குழந்தையின் தொடையை வலது கையால் பிடித்துக்கொண்டு ஊசியைக் கிட்டே கொண்டு போகிறேன், கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் என்னுடையதாக இல்லை. ஊசி நழுவித் தரையில் விழுந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாய் பார்க்கவும் இல்லை. ட்ரேயைப் பக்கத்தில் இருந்த நர்ஸிடம் கொடுத்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பேனா நன்றாகத்தான் இருக்கிறது. தராசும் சரி. பூனை எங்கள் வீட்டுப் பக்கம் வந்தே மாதம் ஒன்றாகிறது. ஆகஸ்டிலிருந்து மரத்துப் போகிறது. முதல் நாளே எனக்குத் தெரியும். அடுத்தவளுக்கு என்றால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிற நோய் இது.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். கத்தியைப் பற்றிப் பயமில்லை. வெட்டிய பிறகும் விரல் திரும்பாவிட்டால் என்ன செய்வேன் என்று பயம். முற்ற முற்ற அந்தப் பயம் நியாயமாகிக்கொண்டே போகும் என்றும் தெரியும்.

நவம்பர் 28, வியாழன்

மாரித்தாயைத் தேடித் தொழிலாளர் லைன் வீட்டுக்கு நடந்தே போனேன். வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். என் இடது கையை நீட்டினேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து மடக்கி, "ஒரு நிமிசம் நில்லுங்க" என்றாள். அப்படியே என்னை மாதிரி.

"எனக்கு எப்பவோ தெரியும் சிஸ்டர். அன்னிக்கு எனக்கு முன்னாடி நீங்க கைய எடுத்தீங்க."

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா, டாக்டர் கூப்பிட்டாருன்னு போயிருப்பீங்க."

இருவரும் சேர்ந்து போவது என்று முடிவானது. அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: முதலில் என் கை, பிறகுதான் அவள் கை. "மொதல்ல உங்களுக்கு என்ன ஆகுதுன்னு பாக்கிறேன்." சரி என்றேன். வேறு வழி?

கணக்குப் போட்டேன். பொள்ளாச்சியில் அடுத்த வியாழன் ஆபரேஷன் என்றால், ஆறு வாரம் கழிந்து ஜனவரி 16. அது பொங்கல் விடுமுறை. ஆர்.டி.ஓ. அலுவலகம் திறப்பது 20-ஆம் தேதி. அன்றுதான் கடைசி நாள். அன்றைக்கே நேரம் வாங்கிவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

ஆயிற்று. இருவருக்கும். இதை எழுதுவது தனிஸ்லாஸ், நான் சொல்லச் சொல்ல. அவர் சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சேர்க்கவில்லை. தைரியமாக இருந்தாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

வலது கை எழுத்து. கோணல். கடைசி வரியை இப்போதுதான் பார்த்தேன். அவரைப் பிறகு கவனிக்கிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

இரவு முழுக்கத் தூங்கினேன். நான்கு மாதத்தில் முதல் தடவை.

டிசம்பர் 13, வெள்ளி

கழுகு. "கேள்விப்பட்டேன் ஆன்ட்டி, கை ஆபரேஷனாமே. இனி எப்படி ஓட்டுவீங்க?" கையால்தான்.

டிசம்பர் 19, வியாழன்

தையல் பிரித்தார்கள். மரப்பு இல்லை. குண்டூசி குத்தினால் மூன்று விரலிலும் சுரீர் என்கிறது. அழுதேன். வலியால் இல்லை.

ஆனால் பலம் இல்லை. டம்ளர் பிடிக்கலாம், தண்ணீர் இல்லாமல்.

டிசம்பர் 26, வியாழன்

கிறிஸ்துமஸுக்குத் தனிஸ்லாஸ் கொடுத்த பரிசு கட்டிலில் இருக்கிறது. எருமையின் பழைய கிளட்ச் லீவரைக் கட்டில் காலில் கிளாம்ப் வைத்து முறுக்கி, கேபிளுக்குப் பதிலாகச் சைக்கிள் டியூப் பட்டைகளைக் கட்டியிருக்கிறார். ஒரு பட்டை என்றால் ஒரு கிலோ. இரண்டு என்றால் இரண்டு. அளந்து பார்க்கக் கூடவே தொங்கும் தராசு ஒன்று. அதை எங்கே வாங்கினார் என்று கேட்டதற்கு, எடை ஷெட்டுக்குப் புதுத் தராசு வந்துவிட்டதாம், பழையதைக் கொடுத்துவிட்டார்களாம். மாரித்தாய் கூட்டம் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதைச் சாட்சியாக வைத்து மேனேஜரிடம் போயிருக்கிறது. புதுத் தராசில் கொழுந்து கூடுதலாக நிற்கிறதாம்.

நான் சொன்ன பொய் உண்மையாகப் போய் யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்று ஒரு பட்டை. பத்து தடவை.

ஜனவரி 2, வியாழன்

இடது கை எழுத்து. இரண்டரை கிலோ.

ஜனவரி 9, வியாழன்

மூன்றேகால். வண்டியில் கூடுதலாக மாட்டியிருந்த விளக்குகள், பெட்டிகள் எல்லாவற்றையும் கழற்றினேன். இன்ஸ்பெக்டருக்கு வண்டி பிறந்த மேனியாக இருக்க வேண்டும். சேஸிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தேன். கண்ணாடி மாற்றினேன். கபூர் பாய் வீட்டுக்கே வந்து வால்வு பார்த்தார். லீவர் பக்கம் இருவரும் போகவில்லை.

ஜனவரி 16, வியாழன்

டாக்டர் போனில், எல்லா வேலையும் மெல்ல மெல்ல ஆரம்பிக்கலாம் என்றார். டூ வீலர் ஓட்டலாமா என்று கேட்டேன். மெதுவாக ஓட்டுங்கள் என்றார். எந்த டூ வீலர் என்று அவர் கேட்கவில்லை.

நான்கரை கிலோவில் நிற்கிறது. நாள் நான்கு. வேண்டியது இன்னும் ஒரு கிலோ.

சாயங்காலம் தனிஸ்லாஸ் மெல்ல ஆரம்பித்தார். "லோடு வண்டி ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். எருமைய மேல ஏத்திக் கட்டிட்டா, கீழ போய் நீ இறக்கி ஓட்டிக் காட்டு. ஆபீஸுக்கு நூறு அடி முன்னாடி இறக்கினாக்கூடப் போதும். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"ரெஜி, கை இப்பத்தான்..."

"இன்னொரு வண்டி முதுகுல ஏறி இறங்கற வண்டிக்கு எதுக்கு அஞ்சு வருசம்? அத விட கழுகுகிட்டயே குடுத்துடலாம். இப்பப் பயந்துகிட்டு லோடு வண்டில இறங்கினா அப்புறம் நான் ஓட்டவே மாட்டேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க அந்த வண்டிய வேண்டாம்னு சொல்லிடுங்க."

கத்திவிட்டேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சொல்லிடறேன் என்றார். பயத்தில் கத்தினேன் என்று அவருக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 18, சனி

எருமையின் மேல் உட்கார்ந்து, எஞ்சின் போடாமல், லீவரை இழுத்து எண்ணினேன். நான்கு விரலும் போட்டால் ஐந்தரை கிலோ வருகிறது. இருபத்தாறு தடவை. இருபத்தேழாவது தடவை கை கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து ஏழெட்டு கிடைக்கிறது.

நாற்பது வளைவு. இருபத்தாறு இழுப்பு. எல்லா வளைவிலும் கிளட்ச் தேவையில்லை. இரண்டாவது கியரில் விட்டுவிட்டால் எருமை தானே முனகிக்கொண்டு இறங்கும். வண்டி நிற்க வேண்டி வந்தால்தான் செலவு.

ஜனவரி 20, திங்கள்

காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினேன். தனிஸ்லாஸ் விடிவதற்கு முன்பே எழுந்து, தொழிற்சாலைக்கு ஒரு ஸ்விட்ச் வாங்க வேண்டும் என்று சட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வழியனுப்பக்கூட நிற்கவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

வளைவுகளின் எண் பலகை மேலிருந்து இறங்கும்போது நாற்பதில் ஆரம்பிக்கிறது. ஊரைத் தாண்டுவதற்குள் ஐந்து இழுப்பு போய்விட்டது. நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, பனியில் பலகைகூடச் சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது கியர். கை சும்மா இருந்தது. முப்பத்து மூன்றில் முன்னால் ஒரு பஸ். அதைத் தாண்ட வழியில்லை, பின்னாலேயே போனேன். பஸ் நின்றால் நானும் நிற்க வேண்டும். எதிரே லாரி வந்தது, ஒன்று. காட்டு மாடு, ஒன்று. டிரைவருக்குத் தெரிந்தவர் கை காட்டினார், ஒன்று. பஸ்ஸின் கடைசி சீட்டுக் கண்ணாடி வழியாக ஒரு தலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வழுக்கையை எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடமாக அதற்கு எண்ணெய் தேய்க்கிறேன்.

பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பதினேழாவது வளைவில் இருபது செலவாகியிருந்தது. ஒன்பதில் இருபத்து நான்கு. அங்கே அணை தெரியும் இடத்தில் ஓரமாக நிறுத்தினேன், பஸ் போகட்டும் என்று. வரையாடு ஒன்று சுவர் மேல் நின்று என்னைப் பார்த்தது. தழும்பு துடித்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். சோர்வுதான், மரப்பு இல்லை. சோர்வுக்கும் மரப்புக்கும் உள்ள வித்தியாசம் என்னைவிட யாருக்குத் தெரியும்? கால் மணி நேரம் நின்றுவிட்டு இறங்கினேன்.

நாலாவது வளைவில் சுற்றுலா வேன் ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டது; டிரைவர் முன்னால் பின்னால் என்று ஒன்பது தடவை எடுத்தான். மீதி இருந்த இழுப்பெல்லாம் அங்கே போய்விட்டது. கடைசி மூன்று வளைவும் கிளட்ச் இல்லாமல். ஒன்றாவது வளைவு. ஆழியாறு செக்போஸ்ட். சுவிட்சை அமுக்கி எஞ்சினை அணைத்து, கியரிலேயே ஒரு குலுக்கலோடு நிறுத்தினேன். விழவில்லை.

செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு பிளாஸ்க்கோடு தனிஸ்லாஸ் நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்விட்ச் வாங்கப் போறவரு இங்க எதுக்கு இறங்கினீங்க?"

"இங்கயும் நல்ல ஸ்விட்ச் கிடைக்கும்னு சொன்னாங்க."

டீ ஊற்றித் தந்தார். பை திறந்திருந்தது. உள்ளே ஒரு ஸ்பேனர், ஒரு பழைய துணி, என் தையல் மெஷினின் எண்ணெய்க் குப்பி. நான் எண்ணெய்க் குப்பியைப் பார்ப்பதை அவர் பார்த்தார். பையை மூடினார். ஆகஸ்டிலிருந்து எத்தனை தடவை அந்த லீவருக்கு எண்ணெய் விட்டிருப்பார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் டீயைக் குடித்து முடித்தேன்.

"ஏறுங்க" என்றேன்.

"எதுல?"

"எருமைலதான்."

அரை மணி நேரத்தில் கை திரும்பி வந்தது. பொள்ளாச்சி வரை பின்னால் உட்கார்ந்து என் தோளை அவர் பிடித்த பிடி இருக்கிறதே, ஐந்தரை கிலோவுக்குக் குறையாது.

இன்ஸ்பெக்டர் பென்சில் பிரதியை சேஸிஸ் எண்ணோடு வைத்துப் பார்த்தார். விளக்கு, ஹார்ன், பிரேக். வண்டியைச் சுற்றி வந்து தனிஸ்லாஸைப் பார்த்து, "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்றார். "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்று அவர் சொன்னதில் ஒரு துளி வெட்கம் இல்லை. நான் ஓட்டினேன். 2030 ஜனவரி வரை.

திரும்பி ஏறும்போது இழுப்பை எண்ணவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

கழுகுக்கு நானே போன் செய்தேன். ஐந்து வருடம் கழித்துக் கூப்பிடு, அப்போதும் கிடைக்காது என்றேன். "சரிங்க ஆன்ட்டி." வைத்துவிட்டேன்.

மாரித்தாய் எடை ஷெட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். நானும் ஹேண்டிலை விட்டுத் தூக்கிக் காட்டியிருப்பேன், ரோட்டில் கொஞ்சம் பள்ளம்.

ஜனவரி 22, புதன்

தடுப்பூசி பதினொன்று. எல்லாம் இடது கை.

மதியச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் எடுத்தேன். மூடி வழக்கம்போலத் தளர்வாக இருந்தது. போன வாரம் கடையில் வாங்கிய புது பாட்டில், நான் இன்னும் தொட்டதே இல்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அடுக்களையில் நின்றேன். பிறகு இடது கையால், கட்டைவிரல் வெளுக்கிற அளவுக்கு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கி மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது தனிஸ்லாஸ் ஊறுகாய் எடுக்க உள்ளே போனார். பிறகு முக்கல் சத்தம். துணியைப் போட்டுத் திருகுகிற சத்தம். பாட்டிலைத் தரையில் தட்டுகிற சத்தம்.

"ரெஜி" என்றார். "இத கொஞ்சம் தெறந்து குடு."